கொரியன் சமையல் மேடையில் கீறல், வாடகை வீடு, அடுத்த மாதம் காலி: தேய்த்து எடுக்கலாமா?

ஓஎம்ஆர்_குடித்தனம்
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு வாடகை ஃப்ளாட். சமையல் மேடை கிரானைட் இல்லை, கொரியன் (Corian, அக்ரிலிக் கலந்த செயற்கைப் பலகை) என்று ஓனர் சொன்னார். வெள்ளையில் லேசாக கிரீம் கலந்த நிறம், இணைப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஓரமெல்லாம் வழவழ என்று உருண்டையாக இருக்கும். அடுத்த மாதம் காலி செய்கிறோம். பாத்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, மேடை முழுக்க மெல்லிய கீறல், மிக்ஸி நின்ற இடத்தில் அரைவட்டமாக வெளுத்த மங்கல், குக்கரை இழுத்து இழுத்து வைத்த இடத்தில் சாம்பல் நிறக் கோடுகள், தேங்காய்த் துருவியை முடுக்கி மாட்டும் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமாக ஒரு வெட்டு. ஓனர் நல்ல மனிதர்தான், ஆனால் இந்த மேடையைப் பற்றி அவர் பேசும்போதே குரல் மாறும், அட்வான்ஸில் கை வைப்பார் என்று என் கணவர் பயப்படுகிறார். வீடியோ பார்த்தால் ஒருவர் பற்பசை என்கிறார், ஒருவர் கார் பாலிஷ் என்கிறார், இன்னொருவர் மெஷின் வைத்து மேடையையே சீவுகிறார். எதை நம்புவது?

காரக்குழம்பு
பற்பசை போட்டுத் தேய்த்தால் மேடைக்கு வாய் நாற்றம் போகும், வேறொன்றும் நடக்காது. நாலு பேர் சொல்லட்டும், அதுவரை கை வைக்காதீர்கள்.

டிங்கர்பெயிண்ட்
இது ஒரு விஷயமா மேடம். கார் பெயிண்ட் கடையில் ரப்பிங் கம்பவுண்டு ஒரு டப்பா, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) இரண்டு வாங்குங்கள். தண்ணீர் விட்டு பேப்பரைப் போட்டு, அப்புறம் கம்பவுண்டு வைத்துத் துணியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பம்பரில் இதைவிட மோசமான கீறலையெல்லாம் எடுத்திருக்கிறோம்.

ஸ்லாப்காரர்_கோவை
நான் இந்த மேடைகளை வெட்டி ஒட்டிப் பொருத்துகிற வேலை செய்கிறவன். முதலில் கம்பவுண்டு டப்பாவை ஓரமாக வையுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேடம், நீங்கள் எழுதியதில் சில, கீறலே இல்லாமல் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்காமல் உப்புத்தாளை எடுத்தால் தேவையில்லாமல் மேடையைத் தேய்ப்பீர்கள். குக்கர் இழுத்த இடத்தில் இருக்கும் சாம்பல் கோடு பெரும்பாலும் அலுமினியம்தான். மேடை அலுமினியத்தைச் சுரண்டி எடுத்துத் தன்மேல் பூசிக்கொண்டிருக்கும், பென்சில் காகிதத்தில் எழுதுகிற மாதிரி. அடி எவர்சில்வராக இருந்தாலும் கொஞ்சம் வரும். ஈரப் பஞ்சில் கிரீம் கிளீனர் எடுத்து, இல்லாவிட்டால் சபீனா மாதிரி பாத்திரம் தேய்க்கும் பொடியைக் குழைத்து, அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள், போய்விடும்.

மிக்ஸி நின்ற இடத்து அரைவட்டம்: உங்கள் பகுதியில் போர் தண்ணீர்தானே? ரப்பர் காலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, காய்ந்து, மறுபடி தேங்கி உப்பு படிந்திருக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்து சில நிமிடம் போட்டு எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். கரைந்தால் அது உப்பு. கரையாவிட்டால் மிக்ஸி அதிர்ந்து அதிர்ந்து தேய்த்த தடம்.

மெல்லிய கீறலுக்கு ஒரு சோதனை. அந்த இடத்தை நனையுங்கள். ஈரத்தில் கண்ணுக்கே தெரியாமல் மறைந்தால் மேலோட்டமானது, கையாலேயே எடுக்கலாம். ஈரத்திலும் கோடாகத் தெரிந்தால் கொஞ்சம் ஆழம். நகம் மாட்டினால் அது வேறு கதை.

இதையெல்லாம் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதோடு இன்னொன்று, அது நிஜமாகவே சாலிட் சர்ஃபேஸ்தானா, அதாவது கொரியன் வகைப் பலகைதானா என்று பாருங்கள். நம் ஊரில் வெள்ளையாக இருப்பதையெல்லாம் கொரியன் என்று சொல்லி விற்கிறார்கள். சிங்க்குக்குக் கீழே குனிந்து, குழாய்க்குத் துளை போட்ட இடத்தின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலே இருக்கும் நிறமே ஊடே முழுக்க இருக்க வேண்டும், பலகை சுமார் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். கையை வைத்தால் கிரானைட் அளவுக்குச் சில்லென்று இருக்காது. மேலே ஒரு தாள், கீழே மரத்தூள் பலகை என்று தெரிந்தால் அது லேமினேட், அதில் உப்புத்தாள் பட்டால் அவ்வளவுதான், தாள் கிழிந்து பலகை தெரியும். நானோ ஒயிட் என்று விற்பது கண்ணாடி போன்ற சரக்கு, குவார்ட்ஸ் என்பது கல் பொடியை ரெசினில் கட்டியது. இரண்டையும் இந்த முறையில் தொடவே கூடாது.

கிரானைட்கட்சி
இதற்குத்தான் சொல்வது, கறுப்பு கிரானைட் போட்டோமா, காலத்துக்கும் கவலை இல்லாமல் இருந்தோமா என்று. மேடையில் மாவு பிசைவோம், தேங்காய் உடைப்போம், ஒரு கீறல் விழாது. பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து கல் விலைக்கு விற்கிறான், வாங்குகிறோம்.

ஸ்லாப்காரர்_கோவை
பிளாஸ்டிக் என்பது பாதி சரி. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக், மீதி அலுமினாவின் ஒரு வகைப் பொடி, பாக்சைட்டிலிருந்து எடுப்பது. கொரியன் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வகத்தில் 1960-களில் கண்டுபிடித்தது, 1971-இல் சந்தைக்கு வந்தது. அப்புறம் மற்ற கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன, ஹைமேக்ஸ், ஸ்டாரான், ஹானெக்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அந்தப் பொடி மென்மையானது, அதனால்தான் கீறல் விழுகிறது. கீரையோடு வருகிற மண்ணில் ஒரு மணல் துணுக்கு பாத்திரத்துக்கு அடியில் மாட்டி இழுபட்டால் போதும், மணல் அதைவிடப் பல மடங்கு கெட்டி. ஆனால் அதே மென்மைதான் வசதியும். கிரானைட்டில் மூலை உடைந்தால் உடைந்ததுதான், என்ன ஒட்டினாலும் தெரியும். இதில் மேலே இருப்பதே உள்ளேயும் இருப்பதால் மேல்தோலைச் சீவிவிட்டால் அடியில் புதுசு வருகிறது. கீறல் விழாத மேடை வேண்டும் என்பவர்களுக்கு நானே கிரானைட்டைத்தான் சொல்கிறேன், சண்டை வேண்டாம்.

வாடகைக்காரன்
நுட்பம் எல்லாம் சரி, நான் கேட்பது வேறு. வீடு உங்களுடையது இல்லை. ஓனருக்குத் தெரியாமல் உப்புத்தாள் போட்டு ஏதாவது பிசகினால், கீறலுக்குப் பிடிக்க இருந்த பணத்தைவிட அதிகமாகப் பிடிப்பார். புழக்கத்தில் வருகிற தேய்மானத்துக்கு அட்வான்ஸில் பிடிக்க அவருக்கு நியாயம் இல்லை என்பது என் கட்சி, அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் எடுத்துப் படியுங்கள். குடிவரும்போது எடுத்த போட்டோ இருக்கிறதா?

ஓஎம்ஆர்_குடித்தனம்
போட்டோ இருக்கிறது, ஆனால் மேடை பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை. அக்ரிமென்ட்டில் சாதாரணத் தேய்மானம் தவிர்த்து என்று ஒரு வரி இருக்கிறது, அது எங்கே முடிந்து சேதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

சோதனை செய்து பார்த்தோம். சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன், ஊடே முழுக்க ஒரே நிறம்தான், ஆகவே சாலிட் சர்ஃபேஸ்தான். சாம்பல் கோடுகள் கிரீம் கிளீனருக்கே போய்விட்டன!! நம்பவே முடியவில்லை, அவ்வளவு நாளும் அதுதான் பெரிய கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி வட்டம் வினிகருக்கு முக்கால்வாசி கரைந்துவிட்டது, கொஞ்சம் மங்கல் மிச்சம். மெல்லிய கீறல்கள் நனைத்தால் மறைகின்றன, காய்ந்தால் வந்துவிடுகின்றன. துருவி வெட்டு அப்படியே இருக்கிறது. மேடையில் லேசான மினுமினுப்பு உண்டு, கண்ணாடி மாதிரி இல்லை, சாய்ந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் கலங்கலாகத் தெரியும்.

டிங்கர்பெயிண்ட்
அப்படியானால் நான் சொன்ன கம்பவுண்டு போதுமே. மேலோட்டமான கீறல்தானே.

ஸ்லாப்காரர்_கோவை
டிங்கர் அண்ணே, கார் வேலையில் நீங்கள் சொல்வது சரி, அங்கே கண்ணாடிப் பளபளப்புதான் இலக்கு. இந்த மேடைகள் பெரும்பாலும் மேட் (பளபளப்பில்லாதது) அல்லது அரைப் பளபளப்பில்தான் விடப்படுகின்றன. அந்த மேற்பரப்பை பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழுக்க ஒரே சீரான நுண்கீறல்தான். கீறல் எடுப்பது என்று நாங்கள் சொல்வதே தாறுமாறாக இருக்கும் கீறலை ஒரே சீரான நுண்கீறலாக மாற்றுவதைத்தான். கம்பவுண்டு வைத்து ஒரு இடத்தை மட்டும் பளபளப்பாக்கினால் மேடை நடுவில் எண்ணெய் கொட்டின மாதிரி ஒரு திட்டு மின்னும், கீறலைவிட அது அசிங்கம். இரண்டாவது, கார் பாலிஷ் பலவற்றில் மெழுகும் சிலிக்கோனும் இருக்கும். அது கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்வதால் உடனே மறைந்த மாதிரி இருக்கும், இரண்டு வாரம் சோப்பு போட்டுத் துடைத்தால் கீறல் திரும்ப வரும். அதுபோக, சிலிக்கோன் ஊறின இடத்தில் பிற்பாடு ஒட்டு வேலை செய்தால் பசை சரியாகப் பிடிக்காது. சோறு வைக்கிற இடம் வேறு.

மேடம், இப்போது உங்களுக்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அரைப் பளபளப்பு. ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், அதில் வாடகைக்காரன் சொல்வதுதான் சரி.

மெஷின் வேண்டாம், கையாலேயே போதும். பெயிண்ட் கடையில் 400, 600, 800 நம்பர் வாட்டர் பேப்பர் கேளுங்கள் (நம்பர் ஏற ஏற நைஸ்), கூடவே சாம்பல் நிற நார்ப் பட்டை ஒன்று, மிக நைசானது, ஸ்காட்ச் பிரைட்டிலேயே தொழிலுக்கென்று வருவது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டை முரட்டு ரகம், மேட் மேடைக்கு லேசாகப் போடலாம், உங்களுடையதற்குக் கடைசித் தேய்ப்பாக வேண்டாம். பேப்பரை விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள், விரல் நுனி அழுத்துகிற இடமெல்லாம் வாய்க்கால் விழும். தட்டையான ரப்பர்க் கட்டையோ, இல்லாவிட்டால் வழவழப்பான சின்ன மரக்கட்டையோ எடுத்து அதில் பேப்பரைச் சுற்றுங்கள்.

முதலில் மேடையைச் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் தாவிப் போகிறார்கள். அப்புறம் பென்சிலை எடுத்து கீறல் இருக்கிற பகுதி முழுக்க லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். அழுத்தாமல். பேப்பர் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று அந்தக் கோடு அழிவதை வைத்துத் தெரிந்துகொள்வதற்கு இது. சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு 400-ஐ முதலில் கிழக்கு மேற்காக, அப்புறம் வடக்கு தெற்காக ஓட்டுங்கள். கீறல் ஒரு சாண்தான் இருக்கிறது என்று ஒரு சாணோடு நிறுத்தக் கூடாது, அதைச் சுற்றி இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்கு விரித்துக்கொண்டே போய் ஓரத்தில் கையை லேசாக்கிவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேடையில் ஜன்னல் நிழல் வளைந்து தெரிவதிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பென்சில் கோடும் கீறலும் போனதும் நன்றாகக் கழுவித் துடைத்து, காயவிட்டு, மொபைல் டார்ச்சை மேடையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாததெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். 400-இன் தடம் மட்டும் சீராக இருந்தால் 600, அப்புறம் 800. ஒவ்வொரு தடவை நம்பர் மாறும்போதும் கழுவுங்கள், 400-இன் ஒரு துகள் 800-க்கு அடியில் மாட்டினால் புதுக் கீறல் ரெடி. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் முந்தினதின் தடம் அப்படியே நிற்கும், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது. கடைசியில் சாம்பல் பட்டையை ஈரத்தோடு வைத்து மேடை முழுக்க, சுவர் முதல் விளிம்பு வரை, சின்னச் சின்ன வட்டமாக ஒரே அழுத்தத்தில். இந்தக் கடைசி வேலை மட்டும் கீறல் இல்லாத இடத்துக்கும் சேர்த்துத்தான், அப்போதுதான் மொத்தமும் ஒரே மினுமினுப்புக்கு வரும்.

காரக்குழம்பு
இதற்கு ஓனருக்கே இரண்டு மாத வாடகை சேர்த்துக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறதே.

டிங்கர்பெயிண்ட்
400, 600, 800 எல்லாம் நாங்களும் போடுவதுதான் தம்பி, வரிசை ஒன்றுதான். நான் ஒத்துக்கொள்கிறேன், பளபளப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் கறுப்பு மேடை, கண்ணாடிப் பாலிஷ் என்று போட்டிருக்கிறார்களே, அங்கே என்ன செய்வீர்கள்? அங்கே கம்பவுண்டு இல்லாமல் முடியாதே.

ஸ்லாப்காரர்_கோவை
முடியாதுதான் அண்ணே. அங்கே 1000, 1500, 2000 என்று போய் மெழுகில்லாத வெள்ளைக் கம்பவுண்டை மெஷினில் கம்பளித் தலை வைத்து மெதுவான வேகத்தில் ஓட்டுவோம். வேகம் கூடினால் சூடேறி அக்ரிலிக் இளகும். அடர் நிறத்தில் அந்தப் பளபளப்பைக் கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், நகம் பட்டாலும் வெள்ளையாகக் கோடு தெரியும், ஷோரூமில் யாரும் அங்கே சமைப்பதில்லை என்று. கேட்பவர் கேட்பார்.

இன்னொரு எச்சரிக்கை எல்லோருக்கும். தச்சு வேலைக்கு வருகிறவர்கள் ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் தட்டை மாட்டி இரண்டே நிமிடத்தில் முடிக்கிறேன் என்பார்கள். விடாதீர்கள். அது ஒரே அச்சில் சுற்றுவதால் பிறை பிறையாக வெட்டிவிடும், அந்தப் பிறைகளை எடுக்கத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். மெஷின் என்றால் ஆர்பிட்டல் சாண்டர், தட்டு சுற்றிக்கொண்டே நிலையில்லாமல் அலைகிற வகை, அதிலும் தூசி உறிஞ்சும் குழாய் மாட்டினது.

தூசி என்றதும் ஞாபகம் வருகிறது. ஈரத்தில் கையால் தேய்த்தால் பறக்காது. காய்ந்த மேடையில் மெஷின் ஓட்டினால் மாவு மில் போல ஆகிவிடும், என்95 மாஸ்க் கட்டாயம், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். இதில் குவார்ட்ஸில் இருப்பது போல சிலிக்கா இல்லை என்று தைரியம் சொல்வார்கள். உண்மைதான், குவார்ட்ஸ் தூசியில் வேலை செய்கிறவர்களின் நுரையீரல் கெட்டுப்போய்த்தான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்தார்கள். ஆனால் கொரியன் தூசியை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்த ஒரு தொழிலாளிக்கு நுரையீரல் தழும்பேறி இறந்ததும் 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஒரு நாள் தேய்க்கிற உங்களுக்கு ஒன்றும் ஆகாது, என் பட்டறையில் மாஸ்க் இல்லாமல் யாரையும் விடுவதில்லை.

ஓஎம்ஆர்_குடித்தனம்
ஓனருக்கு போன் செய்து சொன்னேன். முதலில் மௌனம். அப்புறம் சாம்பல் கோடு போன கதையைச் சொல்லி போட்டோ அனுப்பியதும், அடுப்புப் பக்கம் தெரியாத மூலையில் ஒரு சின்ன இடம் செய்து காட்டுங்கள், பிடித்தால் மீதியைச் செய்யலாம் என்றார். செய்தோம். கையெல்லாம் வலி, ஆனால் சொன்ன மாதிரியே வந்தது. 400 போட்ட பிறகு மேடை சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போய் வயிற்றைக் கலக்கியது, 800 வந்ததும் உயிர் வந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே சார்!

துருவி வெட்டு மட்டும் 400-க்கு அசையவே இல்லை. இன்னும் முரட்டுப் பேப்பர் போட்டு இறக்கலாமா?

ஸ்லாப்காரர்_கோவை
வேண்டாம். நகம் மாட்டுகிற வெட்டை எடுக்க 150 நம்பரில் ஆரம்பித்து அந்த ஆழம் வரைக்கும் சுற்றிலும் இறக்க வேண்டும், ஓரத்தில் செய்தால் விளிம்பின் உருண்டையே கோணிப்போகும். அதற்கு நிரப்புவதுதான் வழி. இந்தப் பலகைகளை இணைக்க நாங்கள் போடும் பசையே அக்ரிலிக்தான், இரண்டு பாகத்தைக் கலந்து போடுவது, மேடை நிறத்துக்கே கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும். வெட்டைச் சுத்தம் செய்து, பசையைக் கொஞ்சம் மேடாக நிரப்பி, இறுகினதும் சமமாக்கி, பிறகு அதே 400, 600, 800. வீட்டில் இருக்கும் எம்சீல், ஃபெவிகுவிக் எதையும் அதில் விடாதீர்கள், மஞ்சளாகிப் பல் இளிக்கும்.

வெட்டு அகலமாக இருந்தால் அதே பலகையின் துண்டு வைத்து ஒட்டு போடலாம். சிங்க்குக்கு வெட்டி எடுத்த துண்டு இருக்கிறதா என்று ஓனரைக் கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பலகையின் துண்டு அவருடையது, விவரமுள்ளவர்கள் வாங்கி வைத்திருப்பார்கள், சில இடத்தில் சிங்க் அலமாரிக்குள்ளேயே கிடக்கும். வேறு வீட்டுத் துண்டு நிறம் சரியாகச் சேராது, ஒரே பெயர் ஒரே நம்பர் என்றாலும் ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததுக்கும் சாயல் மாறும். இந்த ஓர வேலையை மட்டும் ஆள் வைத்துச் செய்யுங்கள், செலவை ஓனரோடு பேசிப் பகிர்ந்துகொள்ளப் பாருங்கள்.

வாடகைக்காரன்
பேசியதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு சாவி கொடுக்கிற அன்றைக்கு மாறிவிடும்.

உட்லண்ட்ஸ்_அம்மா
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டிலும் இதே சாலிட் சர்ஃபேஸ்தான், இங்கே நிறையப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். என் மாமியார் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து நேராக மேடையில் வைத்துவிட்டார், வட்டமாகப் பழுப்பு ஏறிவிட்டது. தடவிப் பார்த்தால் லேசாகச் சொரசொரப்பு. இதையும் உப்புத்தாளில் எடுக்கலாமா? மஞ்சள் கறையும் ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன?

ஸ்லாப்காரர்_கோவை
அக்கா, கொதிக்கிற தண்ணீர்ச் சூட்டைத் தாண்டினாலே அக்ரிலிக் இளக ஆரம்பிக்கும், தோசைக்கல் அதற்கெல்லாம் மேலே. பழுப்பு மேல்தோலோடு நின்றிருந்தால் 320-இல் ஆரம்பித்து மேலே சொன்ன வரிசையிலேயே எடுத்துவிடலாம். தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு குறைந்துகொண்டே வந்தால் தொடருங்கள். குறையாமல் அப்படியே நின்றால் நிறுத்திவிடுங்கள், உள்ளே இறங்கிவிட்டது, அந்த வட்டத்தை வெட்டி எடுத்து ஒட்டுதான். தடவும்போது நடுவில் உப்பல் தெரிந்தாலும் அதேதான்.

மஞ்சளுக்குத் தேய்க்கவே வேண்டாம். ஜன்னல் வெயில் படுகிற இடமென்றால் இரண்டு மூன்று நாளில் தானாகவே வெளுக்கும், மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, துணியில் பட்டதைக் காயப்போட்டால் போகிறதே, அதேதான். வெயில் இல்லாவிட்டால் ப்ளீச்சில் நிறையத் தண்ணீர் கலந்து சில நிமிடம் வைத்துக் கழுவுங்கள். வினிகர் போட்ட இடத்தில் அதே கையோடு ப்ளீச் ஊற்றக் கூடாது, விஷ வாயு வரும்.

கிரானைட்கட்சி
தோசைக்கல்லைக்கூட வைக்க முடியாத மேடையில் என்ன தமிழ்ச் சமையல்.

உட்லண்ட்ஸ்_அம்மா
அதற்குத்தான் பக்கத்தில் ஒரு மரப்பலகை வாங்கிப் போட்டாயிற்று. மாமியார் அதன்மேல் வைக்கிறார், சில சமயம்.
இன்னொன்று தம்பி, அடுப்பு பதித்திருக்கிற வெட்டின் பின்மூலையிலிருந்து சுவர்ப் பக்கமாக முடி மாதிரி ஒரு கோடு போகிறது. இதுவும் கீறலா?

ஸ்லாப்காரர்_கோவை
மூலையிலிருந்து கிளம்பினால் அது கீறல் இல்லை அக்கா, விரிசல். டார்ச் அடித்துக் கீழேயிருந்து பாருங்கள், அடுப்புப் பெட்டியைத் தூக்கினால் தெரியும், பெரும்பாலும் அடிவரைக்கும் ஓடியிருக்கும். அந்த மூலையைச் செங்கோணமாக வெட்டியிருப்பார்கள், உருட்டி விட்டிருக்க வேண்டும். சூட்டைப் பரப்ப வெட்டைச் சுற்றி அலுமினிய டேப் ஒட்டுவது முறை, அதையும் விட்டிருப்பார்கள். தினமும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, அந்தக் கூர்மூலையில்தான் இழுவை எல்லாம் போய்ச் சேரும். உப்புத்தாள் போட்டால் ஒரு வாரம் மறையும், அதற்குள் கோடு இன்னும் நீளும். பொருத்தியவர்களின் உத்தரவாதக் காகிதம் இருந்தால் கையே வைக்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள், நீங்கள் தேய்த்த தடம் இருந்தால் அதையே சாக்காகச் சொல்வார்கள். அதுவரை அந்தப் பின் அடுப்பில் பெரிய பாத்திரம் வைக்காதீர்கள். முக்கியமாக, அடுப்பைத் தாண்டி மேடைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற அகலமான குண்டான் வேண்டாம், அதன் அடியில் மோதி வருகிற அனல் நேராக அந்த மூலையில்தான் இறங்கும்.

உட்லண்ட்ஸ்_அம்மா
காகிதம் இருக்கிறது, தேடி எடுத்துவிட்டேன். நாளைக்குப் போன் செய்கிறேன். மூலை செங்கோணம்தான், டேப் எதுவும் கண்ணில் படவில்லை.